குழாய்க் கணக்கும் கரிக்கோட்டுக் கணக்கும்

போன வருஷம் ஆறு மாதம் மகன் வீட்டில் இருந்துவிட்டு வந்தேன். அமெரிக்காவில் ஒரிகன் மாநிலம், போர்ட்லாண்ட் நகரம். போய் இறங்கிய மறுநாளே, "அப்பா, உங்களுக்கு ஒரு வேலை வச்சிருக்கேன்" என்று கார் நிறுத்தும் கொட்டகைக்குக் கூட்டிப் போனான். பழைய குளிர்பதனப் பெட்டி ஒன்று நின்றது. கதவில் துளை போட்டு மூன்று குழாய். மேலே சுவரில் ஒரு டிவி. அதில் மூன்று பெயர், ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதவீதம் சாராயச் சத்து, எந்தத் தேதியில் காய்ச்சியது, இன்னும் எவ்வளவு மிச்சம் என்று கட்டம் கட்டி ஓடிக்கொண்டிருந்தது.

பீர். வீட்டிலேயே காய்ச்சுகிறான். அந்த ஊரில் இது குற்றமில்லை. 1978-இல் கார்ட்டர் ஜனாதிபதியாக இருந்தபோது கையெழுத்தான சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அளவு உண்டு. வயதுவந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு வருஷத்துக்கு 100 காலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன். 200 காலன் என்றால் நம் கணக்கில் ஏறக்குறைய 757 லிட்டர். அதை யார் வந்து அளந்து பார்க்கிறார்கள் என்று கேட்டேன். "யாரும் வரமாட்டாங்கப்பா" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் இரண்டு. ஒன்றைப் பின்னால் சொல்கிறேன். மற்றொன்று தொழில். முப்பத்து நாலு வருஷம் தொழிலாளர் துறையில் முத்திரை ஆய்வாளர் வேலை பார்த்தவன் நான். எடைக்கல், படி, லிட்டர், தராசு, பெட்ரோல் பங்க் எல்லாம் சோதித்து முத்திரை குத்துவது. சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் என்று சுற்றியவன். "அளவு இருக்கு, அளக்க ஆளில்லை" என்ற பேச்சு என் காதுக்கு ஒத்துவராது.

அவன் சொன்ன வேலை இதுதான். பீப்பாய் காலியாகிக் குழாயில் வெறும் காற்று வந்த பிறகும், சுவர்ப் பலகை இன்னும் ஒரு லிட்டர் மிச்சம் இருப்பதாகக் காட்டுகிறது. மூன்று குழாயிலும் அதே கதை. "நீங்கதானே பெரிய ஆய்வாளர், பாருங்க" என்றான்.

பலகை வேலை செய்யும் விதம் எளிது. பீப்பாயிலிருந்து குழாய்க்குப் போகும் வழியில் விரல் நீளத்துக்கு ஒரு மீட்டர். அதற்குள் சின்னச் சக்கரம், சக்கரத்தில் காந்தம். பீர் ஓடும்போது சக்கரம் சுற்றும், காந்தம் வெளியே உள்ள உணர்வியைக் கடக்கும்போதெல்லாம் ஒரு துடிப்பு. காந்தத்தால் மின்சாரம் ஒரு பக்கம் ஒதுங்கும் இந்த விளைவை 1879-இல் எட்வின் ஹால் என்பவர் கண்டுபிடித்தார். அவர் பெயராலேயே ஹால் விளைவு என்கிறார்கள். இவ்வளவு துடிப்புக்கு ஒரு லிட்டர் என்று கணக்கு. துடிப்புகளை எண்ணுவது ரேஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி. பிள்ளைகள் கணினி கற்றுக்கொள்ளட்டும் என்று இங்கிலாந்தில் 2012-இல் மலிவு விலைக்கு வெளியிட்டது. அதைக் குடிகாரர்களும் பிடித்துக்கொண்டார்கள். பலகையை ஓட்டும் மென்பொருளைக்கூட வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களே எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். பீப்பாய் ஐந்து காலன், அதாவது சுமார் 19 லிட்டர். ஒரு காலத்தில் கடைகளில் குளிர்பானச் சாறு நிரப்பி வைத்த எவர்சில்வர் பாத்திரம்தான், இப்போது வீட்டுக்காரர்கள் கைக்கு வந்திருக்கிறது.

மீட்டர் செய்தவர்கள் லிட்டருக்கு 450 துடிப்பு என்று தாளில் போட்டிருக்கிறார்கள். மகன் அதை அப்படியே கணினியில் எழுதிவிட்டான். நம் துறையில் முதல் பாடமே, செய்தவன் சொன்னதை நம்பாதே என்பதுதான்.

அளந்து பார்க்கப் படிக்கல் வேண்டுமே. வீட்டில் இருந்தது சமையலறை மின்தராசு ஒன்று. அது சரியா என்று யார் சொல்வது? மருமகளிடம் ஐந்து சென்ட் நாணயம் நாற்பது வாங்கினேன். அந்த நாணயம் ஒன்று சரியாக 5 கிராம் என்று அவர்கள் நாணயச் சாலை வைத்திருக்கும் அளவு. நாற்பதுக்கு 200 கிராம். தராசு 200 காட்டியது. சரி, ஆள் நம்பகமானவர். பிறகு பீப்பாயில் பீருக்குப் பதில் தண்ணீர் நிரப்பி, ஒரு ஜாடியை முதலில் நனைத்து, வடியவிட்டு, அதில் பிடித்து எடை போட்டேன். பெட்ரோல் பங்கில் ஐந்து லிட்டர் அளவையை நனைத்து, வடித்துவிட்டுத்தான் சோதனை தொடங்குவோம். பாத்திரத்தில் ஒட்டிக்கொள்வது எல்லா முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். அதே பழக்கம். பத்து முறை பிடித்தேன். லிட்டருக்குச் சராசரி 428 துடிப்புதான் வந்தது. அப்படியானால் 450 என்று எழுதிய கணினி, ஓடியதில் நூற்றுக்கு ஐந்து குறைத்தே காட்டும். 19 லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். காணாமல் போன லிட்டர் கிடைத்துவிட்டது.

அப்புறம் குழாயைப் பாதி மட்டும் திறந்து பிடித்தேன். சக்கரம் சோம்பேறி. மெதுவாக ஓடினால் திரவம் அதைத் தள்ளாமல் நழுவிப் போகிறது, கணக்கு இன்னும் குறைகிறது. நுரை வந்தால் நேர்மாறு. காற்றுக் குமிழி சக்கரத்தை வேகமாகச் சுழற்றிக் கணக்கைக் கூட்டிவிடுகிறது. பங்கில் ஐந்து லிட்டருக்கு 25 மில்லிக்குள் வித்தியாசம் இருந்தால்தான் முத்திரை போடுவோம். இந்த மீட்டருக்கு நான் முத்திரை போட்டிருக்க மாட்டேன். வீட்டு உபயோகத்துக்குப் பரவாயில்லை என்று மட்டும் சொன்னேன்.

இனி அந்த இரண்டாவது காரணம். பலகையைப் பார்த்த நிமிஷமே எனக்கு நினைவு வந்தது எங்கள் ஆத்தாவின் அடுப்படிச் சுவர்.

எங்கள் ஊர் திருச்செங்கோடு தாலுகா. அப்போது அது சேலம் ஜில்லா. நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் சேர்ந்த பெரிய ஜில்லா. தர்மபுரி 1965-இல் பிரிந்தது, நாமக்கல் 1997 ஜனவரி 1-இல் பிரிந்தது. எங்கள் அப்பாரு குடிப்பார். கள்ளு, கையில் காசு இருந்தால் சாராயம். ஆத்தா எழுதப் படிக்கத் தெரியாதவள். அடுப்படிச் சுவரில் ஒரு பக்கம் பால் கணக்குக்குக் கரிக்கோடு. மறுபக்கம், அப்பாரு கடைக்குப் போய்விட்டு வந்த நாளுக்கு ஒரு கோடு. அவரிடம் காட்டிச் சண்டை போட்டதில்லையாம். பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும் முன் எண்ணிப் பார்த்துவிட்டு, மேலே சுண்ணாம்பு பூசிவிடுவாளாம். அப்பா சொல்லிக் கேட்டது. அப்பா பிறந்தது 1928.

அந்தக் காலத்தில் குடியை அளந்தவர்கள் வேறு பலர் உண்டு. சர்க்கார் அளந்தது. அளந்த விதம்தான் விசித்திரம். சாராயத்தை அதன் வீரியத்தை வைத்து அளந்தார்கள். அதற்கு சைக்ஸ் ஹைட்ரோமீட்டர் என்று பித்தளைக் கருவி. வெல்வெட் வைத்த மரப்பெட்டியில், ஒரு குண்டு, தண்டு, சின்னச் சின்ன எடைகள், கூடவே ஒரு வெப்பமானி. பழைய அலுவலகம் ஒன்றின் அலமாரியில் நானே ஒன்றைப் பார்த்திருக்கிறேன். சாராயத்தில் மிதக்கவிட்டு, தண்டு எதுவரை மூழ்குகிறது என்று பார்த்து, அட்டவணையில் தேடினால் வீரியம் தெரியும். 'ப்ரூஃப்' என்ற கணக்கு அதில்தான் வரும். நூறு பங்கில் சுமார் 57 பங்கு சத்து இருந்தால் ப்ரூஃப் சாராயம். முன்பு இங்கிலாந்தில் வெடிமருந்தை நனைத்துத் தீ வைத்துப் பார்த்த சோதனையிலிருந்து வந்த பெயர் அது. வரி ப்ரூஃப் காலனுக்கு இவ்வளவு என்று. கடைக்காரர் தண்ணீர் விட்டால் அவருக்கு லாபம். அதனால் அதிகாரி கடைக்கும் வந்து மிதக்கவிட்டுப் பார்ப்பார்.

கள்ளை அப்படி அளக்க முடியாது. விடியற்காலை இனிப்பாக இறங்கியது வெயில் ஏற ஏறப் பொங்கிப் புளித்து மணிக்கொரு வீரியம் காட்டும். எந்த மணிக் கள்ளுக்கு வரி போடுவது? அதனால் கள்ளை விட்டுவிட்டு மரத்தைக் கணக்கெடுத்தார்கள். மரவரி. பனை, தென்னை, ஈச்சமரம். எந்தெந்த மரம் சீவலாம் என்று எண் குறித்து, மரத்துக்கு இவ்வளவு என்று வரி கட்டி உரிமம் வாங்க வேண்டும். எண் இல்லாத மரத்தில் பாளை சீவினால் வழக்கு. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவி இறக்கினால் புளிக்காது, அது பதநீர், அதற்கு வேறு கணக்கு. மரவரி போதாதென்று கடையை ஏலத்தில் விட்டார்கள். ஏலம் எடுத்தவர் விற்றாலும் விற்காவிட்டாலும் பணம் கட்டியாக வேண்டும். அப்புறம் அவர் மொந்தையை நிறைத்து நிறைத்து நீட்டாமல் என்ன செய்வார்? சென்னை மாகாணத்து வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கு இந்த வழியில்தான் வந்தது.

மரத்துக்கு எண், சாராயத்துக்கு வீரியம், கடைக்கு ஏலத்தொகை. மூன்று கணக்கும் கச்சேரியில் இருந்தன. குடித்தவர் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிந்ததா என்ற கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அது ஆத்தாக்களின் சுவரில் இருந்தது.

ராஜாஜி இந்த ஜில்லாவை நன்றாக அறிந்தவர். 1900-இலிருந்து சேலத்தில் வக்கீல், 1917-இல் சேலம் நகராட்சித் தலைவர். 1925-இல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். இன்றும் இருக்கிறது, கதர் வாங்க நான் போவதுண்டு. மதுவிலக்குக்கென்றே 1929-இல் 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை அங்கிருந்து வந்தது. அதில் கூட இருந்து வேலை பார்த்தவர் கல்கி. ராஜாஜி 1937-இல் மாகாணப் பிரதமரானதும், மதுவிலக்கை முதலில் எங்கே வைத்துப் பார்ப்பது என்று கேள்வி. தன் ஜில்லாவிலேயே வைத்தார். 1937 அக்டோபர் 1 முதல் சேலம் ஜில்லா முழுக்கக் கடைகள் மூடல்.

அப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது. தோப்போரத்துக் கள்ளுக்கடையில் பானைகளை உடைத்ததைப் போய்ப் பார்த்தாராம். மாலையில் என்ன செய்வது என்று தெரியாமல் ஆட்கள் அதே தோப்பில் வந்து உட்கார்ந்திருப்பார்களாம். பஜனை, நாடகம், விளையாட்டு என்று சர்க்கார் பக்கத்தில் ஏற்பாடு நடந்தது. மரமேறிகளில் கொஞ்சம் பேர் பதநீருக்கும் வெல்லம் காய்ச்சவும் போனார்கள். எல்லோருக்கும் அது கட்டுப்படியாகவில்லை. குடி கெடுத்த குடும்பங்களைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். வேலை போன மரமேறிகளைப் பற்றி அவ்வளவு எழுதவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. பல்கலைக்கழகப் பொருளாதார ஆய்வாளர்கள் நம் ஜில்லாக் கிராமங்களுக்கு வந்து வீட்டு வரவு செலவைக் கேட்டு எழுதினார்கள். குடிக்குப் போன காசு இப்போது எதற்குப் போகிறது, கடன் குறைந்ததா, சாப்பாட்டுக்கு எவ்வளவு, துணிக்கு எவ்வளவு என்று. குழாய் முனையை விட்டு வீட்டுப் பக்கம் வந்து யாரோ கணக்குக் கேட்டது, எனக்குத் தெரிந்து, அப்போதுதான்.

இழந்த வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் ராஜாஜி பொது விற்பனை வரி கொண்டுவந்தார். இன்று மளிகைக் கடை ரசீதில் கடைசி வரியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறீர்களே, அதன் பாட்டன் சேலத்துக் கள்ளுக்கடை மூடலில் பிறந்தவன்.

ஆத்தாவின் சுவர் அந்த வருஷம் காலியாக இருந்ததா? முழுக்க இல்லை. காவிரிக்கு அந்தப் பக்கம் கோயம்புத்தூர் ஜில்லா. அங்கே கடை திறந்திருந்தது. பள்ளிபாளையத்தில் ஆற்றைத் தாண்டினால் ஈரோடு. அப்பாரு சந்தைக்குப் போகிறேன் என்று எப்போதாவது போவாராம். அந்த நாளுக்கு ஆத்தா நேர்க்கோடு போடாமல் பெருக்கல் குறி போடுவாளாம். பொங்கலுக்கு எண்ணியபோது மொத்தம் ஏழோ எட்டோ என்று அப்பா சொல்வார். முந்தைய வருஷம் சுவரில் இடம் இல்லை.

ராஜாஜி மந்திரிசபை 1939-இல் விலகியது. யுத்தகாலத்தில் கவர்னர் ஆட்சியில் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. கடை திறந்தது, கோடுகளும் திரும்பின. 1948 அக்டோபர் 2-இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தபோது அப்பாரு இல்லை. அதற்குப் பிறகு 1971-இல் திறந்ததும், மூன்று வருஷத்தில் மூடியதும், 1981-இல் மறுபடி திறந்ததும் உங்களில் பலரும் கண்ணால் பார்த்தது, நான் விவரிக்க வேண்டியதில்லை. 2003-இல் சில்லறைக் கடைகளையும் டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. இன்று வருஷ வருமானம் நாற்பதாயிரம் கோடிக்கு மேல். பெட்டிக் கணக்கு, பாட்டில் கணக்கு, கடைவாரியாக எல்லாம் கணினியில் சுத்தமாக இருக்கும்.

குவார்ட்டர் என்கிறோமே, அது 180 மில்லி. நாலு குவார்ட்டர் சேர்ந்தால் 720, முழு பாட்டிலோ 750. முத்திரை ஆய்வாளர் புத்தி இப்படித்தான் போகும். என் தம்பி நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வேலை பார்த்தான். நல்ல தொழிலாளி. "ஒரே ஒரு குவார்ட்டர்தானுங்ணா" என்பான். நான் இந்த 720 கணக்கைச் சொல்லி அவனைச் சிரிக்க வைப்பேன். ஒரு நாளைக்கா, ஒரு வேளைக்கா என்று நான் கேட்டதே இல்லை. மாவட்டத்தில் அத்தனை பேருடைய படியையும் கவிழ்த்துப் பார்த்தவன், தம்பி வீட்டுச் சுவரைப் பார்க்கவில்லை. அங்கே கோடு போட ஆளும் இல்லை, அவன் மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஈரல் போய் 1996-இல் இறந்தான். வயது நாற்பத்திரண்டு.

இதெல்லாம் மகனுக்குத் தெரியும், சித்தப்பா தோளில் வளர்ந்தவன்தான். போர்ட்லாண்டில் ஒரு சனிக்கிழமை, பலகையில் 428 என்று திருத்தி எழுதி முடித்த பிறகு கேட்டேன்.

"ஏன்டா, பீப்பாயில எவ்வளவு மிச்சம்னு காட்டுது. யாரு எவ்வளவு புடிச்சாங்கன்னு காட்டுமா?"

"அதுவும் பண்ணலாம்ப்பா. ஒவ்வொருத்தருக்கும் ஒரு பட்டன் வச்சுட்டா, அழுத்திட்டுத்தான் புடிக்கணும். சில பேரு வச்சிருக்காங்க."

"நீ ஏன் வைக்கல?"

"விருந்துக்கு வர்றவங்க தப்பா நெனைப்பாங்கப்பா."

"வர்றவங்களுக்கு வேண்டாம். உனக்கு மட்டும் வை."

அவன் பதில் சொல்லவில்லை. மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். நானும் அதற்கு மேல் பேசவில்லை. எதிரே நிற்பவன் நாற்பது வயதுக்காரன். இன்னொரு காரணமும் உண்டு. அவன் எவ்வளவு குடிக்கிறான் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் பேசினால் அது அளக்காமல் முத்திரை குத்துவது போல.

ஊருக்குத் திரும்பி மூன்று மாதம் கழித்து, ஐப்பசியில், மருமகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம். அதே பலகை. மூன்று கட்டத்துக்குக் கீழே நாலாவதாகப் புதிதாக ஒரு வரி. பெயர் எதுவும் போடவில்லை. 'இந்த மாதம்' என்று தமிழில் எழுதி, பக்கத்தில் 9.6 லிட்டர். படத்துக்குக் கீழே, "மாமா, இது அவரா வச்சது. நான் சொல்லல" என்று எழுதியிருந்தாள்.

9.6 என்பது அதிகமா குறைவா என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு மாதத்து எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் வர வேண்டும்.

அன்று இரவே மகன் கூப்பிட்டான். தீபாவளி வாழ்த்து, பேரன் பேச்சு எல்லாம் முடிந்து, "படம் பாத்தீங்களாப்பா?" என்றான்.

"பாத்தேன். மீட்டரைக் கடைசியா எப்போ தராசுல வச்சுச் சரி பாத்த?"

"நீங்க பாத்தீங்களே, அதோட சரி."

"நுரையும் அழுக்கும் சேர்ந்தா சக்கரம் மாறும்டா. நாணயம் அந்த அலமாரியிலதான் இருக்கு. முதல்ல தராசைப் பாரு, அப்புறம் பத்துத் தடவை தண்ணி புடி. என்ன வருதுன்னு எனக்குச் சொல்லு."

"சரிங்கப்பா."

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான். 431 வந்ததாம்.